சவுக்கு வரியும் கருங்காலிக் கோடும்: மேசை செய்கிறவர்களின் கேள்விகள்

கையால் மேசை செய்வது பற்றி மலையகத்தில் இருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் சொந்தக் காணியில் நின்ற சவுக்கு மரம் காற்றில் சாய்ந்துவிட்டது. சுற்றளவு 5 அடி இருக்கும். விறகுக்குத்தான் ஆகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இதில் ஆறு பேர் இருந்து சாப்பிடுகிற மேசை செய்ய முடியுமா?
— வாசகர், தலவாக்கலை

விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். தேயிலைக்கு நிழல் மரமாக நட்ட, மலையகத்தில் சவுக்கு என்று சொல்கிற இந்தக் கிரவீலியா கிழக்கு அவுஸ்திரேலியாவில் இருந்து வந்தது. அங்கே இது தளபாட மரம். இங்கே இதற்கு மதிப்பில்லாமல் போனதற்கு அறுக்கிற முறைதான் காரணம். மரக்காலையில் மரத்தைப் படுக்கப் போட்டு ஒரே பக்கமாக வரிசையாக அறுத்துத் தள்ளினால் வெளிறிய, சாதாரணப் பலகைதான் கிடைக்கும். மரத்தின் நடுவில் இருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்கள் சவுக்கில் மிக அகலமானவை. அந்தக் கதிர்களின் போக்கிலேயே வாள் ஓடினால், பலகை முகம் முழுவதும் மீன் செதிள் போல மினுக்குத் திட்டுகள் எழும்பும். பலகையைச் சன்னலோரம் பிடித்துச் சற்றே திருப்பிப் பாருங்கள். ஒளிர்ந்த செதிள் மங்கும், மங்கியது ஒளிரும். பெரும் விலை கொடுத்து இறக்குமதி மரம் தேடுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

மரக்காலையில் இப்படிச் சொல்லுங்கள்: “முதலில் கட்டையை நாலாகப் பிளந்து தாருங்கள். பிறகு ஒவ்வொரு கால்வாசித் துண்டிலும் ஒரு முகத்தில் ஒரு பலகை, கட்டையைத் திருப்பி மற்ற முகத்தில் ஒரு பலகை.” சரியாக வந்ததா என்று பலகையின் முனையைப் பார்த்தால் தெரியும். முனையில் தெரியும் வளையங்கள் பலகை முகத்துக்கு ஏறக்குறைய நெட்டுக்குத்தாக, 60 பாகைக்குக் குறையாமல் நிற்க வேண்டும். 5 அடிச் சுற்றளவு என்றால் விட்டம் சுமார் 19 அங்குலம். நடு நெட்டியில் ஓர் அங்குலம், பட்டையோரத்து வெள்ளையில் ஓர் அங்குலம் கழித்தால் அதிகபட்சம் 7 அங்குல அகலப் பலகை கிடைக்கும். இந்த முறையில் கழிவு அதிகம், ஆலைக்காரருக்கு நேரமும் அதிகம். கூலி கூடக் கேட்டால் கொடுங்கள்.

கனம் 1¼ அங்குலம் வையுங்கள். அறுத்த அன்றைக்கே இரண்டு முனைகளிலும் பழைய எண்ணெய்ப் பெயின்ற் தடித்துப் பூச வேண்டும். மறுநாளைக்கு விட்டால் முனை வெடிப்பு 3, 4 அங்குலம் உள்ளே போய்விடும். நிலத்தில் இருந்து ஒன்றரை அடி உயரத்தில் அடுக்குங்கள். பலகைக்கும் பலகைக்கும் இடையே 1 அங்குலச் சதுரக் குச்சிகளை 18 அங்குலத்துக்கு ஒன்றாக வையுங்கள். மேல் குச்சி கீழ்க் குச்சிக்கு நேர் மேலே இருக்க வேண்டும், விலகினால் பலகை அந்த இடத்தில் அலை போல வளையும். மேலே தகரம் போடுங்கள், பக்கங்களைத் திறந்தே விடுங்கள். பொலித்தீன் போட்டு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

எத்தனை மாதம் காய வேண்டும்? ஈரம் அளக்கிற கருவி எங்களிடம் இல்லை.
— வாசகர், கொட்டகலை

ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பொதுக் கணக்கு. மூடுபனி இறங்கும் இடங்களில் இன்னும் நாலைந்து மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவி வேண்டியதில்லை, சமையலறைத் தராசும் கேக் சுடுகிற ‘அவன்’ அடுப்பும் போதும். பலகை முனையில் இருந்து ஓர் அடி தள்ளி, 1 அங்குல அகலத் துண்டொன்றைக் குறுக்கே வெட்டி உடனே நிறுங்கள். 103 பாகை செல்சியஸில் வைத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடை பார்த்து, அது இனிக் குறையவில்லை என்று ஆகும்வரை காயவிடுங்கள். 148 கிராம் இருந்தது 130 கிராமில் நின்றால், குறைந்த 18 கிராமை 130 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள்: ஏறத்தாழ 14 வீதம். காய்ந்த எடையால்தான் வகுக்க வேண்டும். ஈர எடையால் வகுத்தால் உண்மையை விடக் குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

நானுஓயாவில் செய்த பலா மேசையை வெள்ளவத்தையில் இருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்பினோம். ஏசி அறையில் வைத்தார்கள். நாலு மாதத்தில் மேற்பலகை நடுவில் வெடித்து, ஒரு ரூபாய்க் குற்றி உள்ளே போகும் அளவுக்கு வாய் பிளந்துவிட்டது. மரம் பிழையா, தச்சுப் பாஸ் பிழையா?
— வாசகர், நானுஓயா

மரத்தில் பிழை இல்லை. மேற்பலகையைச் சட்டத்தோடு பொருத்திய முறையில்தான் பிழை இருந்திருக்கும்.

மரம் தான் இருக்கும் இடத்துக் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப வந்து நிற்கும். காற்றின் ஈரப்பதன் 80 முதல் 85 வீதம் இருக்கும் நுவரெலியாப் பக்கத்தில் பலகைக்குள் 16 முதல் 18 வீத ஈரம் நிற்கும். ஏசி ஓடும் அறையில் காற்று 55 வீதத்துக்கு இறங்கினால் பலகை 10 வீதத்துக்கு வரும். தட்டையாக அறுத்த பலகை, உள்ளீரம் 1 வீதம் குறைய அகலத்தில் சுமார் கால் வீதம் சுருங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 900 மில்லிமீற்றர் அகல மேசைக்கு, 6 வீத இறக்கத்துக்கு, 13 மில்லிமீற்றருக்கு மேல். நீளத்தில் ஏறக்குறைய ஒன்றும் சுருங்காது. மேற்பலகையை நாலு பக்கமும் திருகாணி போட்டு, பசையும் வைத்து இறுக்கிவிட்டால் அந்த 13 மில்லிமீற்றருக்குப் போக இடமில்லை. பலமில்லாத ஓர் இடத்தில் பிளந்துதான் தன் வழியைத் தேடும். கதிர்ப் போக்கில் அறுத்த பலகை இதில் ஏறக்குறைய பாதிதான் அசையும். சவுக்கைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

இனிச் செய்யும்போது மரப்பொத்தான் போடுங்கள். 25 மில்லிமீற்றர் கனத் துண்டு, அதன் ஒரு முனையில் 12 மில்லிமீற்றர் நீள நாக்கு. சட்டத்தின் உட்பக்கம், மேல் விளிம்பில் இருந்து 10 மில்லிமீற்றர் கீழே ஒரு காடி, அதாவது ஒடுங்கிய பள்ளம். நாக்கு காடிக்குள் நுழையும், பொத்தானை மேற்பலகையின் அடியில் மட்டும் திருகாணியால் பிடிக்க வேண்டும். நாக்கின் மேல் முகம் பொத்தானின் மேல் முகத்தில் இருந்து 9 மில்லிமீற்றர் மட்டும் கீழே நிற்கும்படி வெட்டினால் திருகாணியை முடுக்கும்போது பலகை சட்டத்தோடு இறுகி உட்காரும், அதே நேரம் பக்கவாட்டில் வழுக்கவும் செய்யும்.

இதில் பலர் தவறவிடுவது பருவம். நீளச் சட்டங்களில், மழைக் காலத்தில் பொருத்துகிறீர்கள் என்றால் பலகை அப்போது முழு அகலத்தில் இருக்கிறது, இனிச் சுருங்கும், நாக்கு வெளியே வரப் பார்க்கும். ஆகவே நாக்கை ஆழமாகத் தள்ளி வையுங்கள். காய்ந்த காலத்தில், ஊவாப் பக்கம் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பொருத்தினால், பொத்தானுக்கும் சட்டத்துக்கும் இடையே 5, 6 மில்லிமீற்றர் விடுங்கள். குறுக்குச் சட்டங்களில் பொத்தான் பக்கவாட்டில் ஓட வேண்டும் என்பதால் சிறு துளை போதாது, காடியை நீளமாகவே ஓட்டுங்கள்.

வெடித்த மேசையை உடனே பசை வைத்து மூட வேண்டாம். திருகாணிகளைக் கழற்றி, பசைக் கட்டைகளை உளியால் தட்டி எடுத்து, அதே அறையில் ஒரு மாதம் விடுங்கள். பிறகு வெடிப்பின் வழியே பலகையை இரண்டாக அறுத்து, விளிம்பைச் சீவி, ஒட்டி, பொத்தானில் ஏற்றுங்கள். அகலம் கொஞ்சம் குறையும், ஆனால் திரும்ப வெடிக்காது.

5 அடிக்கு 3 அடி மேசைக்கு எத்தனை கன அடி மரம் எடுக்க வேண்டும்?
— வாசகர், மஸ்கெலியா

சீவி முடித்த மேற்பலகை 1 அங்குலக் கனம் என்றால், வாங்கும்போது 1¼ அங்குலக் கனம், 64 அங்குல நீளம், சேர்த்து 40 அங்குல அகலம் வேண்டும்: 1.85 கன அடி. கால் நாலுக்கு 3×3 அங்குலம், 30 அங்குல நீளம்: 0.63. சட்டங்கள் 4½ அங்குல அகலம், 1¼ கனம், மொத்த நீளம் 164 அங்குலம்: 0.53. கூட்டினால் 3 கன அடி. முடிச்சு, வெடிப்பு, வரி பொருந்தாத துண்டு எல்லாம் கழிய வேண்டுமே, 4 கன அடி எடுங்கள். வரி பார்த்துச் செய்கிற மேசைக்கு 4 கூடச் சில நேரம் இறுக்கம்தான்.

உயரம் 30 அங்குலம். சட்டம் 4, பலகை 1 போக முழங்காலுக்கு 25 அங்குலம் மிஞ்சும். அதைவிடச் சட்டத்தை அகலமாக்காதீர்கள். சட்டத்தின் முனையில் செதுக்கும் கழுந்து, சட்டக் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். 22 மில்லிமீற்றர் சட்டத்துக்கு 8, நீளம் 35 மில்லிமீற்றர். காலில் துளை கழுந்தை விட 2 மில்லிமீற்றர் ஆழமாக இருந்தால் மிஞ்சின பசைக்கு இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் கிளாம்பை எவ்வளவு முடுக்கினாலும் தோள் சேராமல் மயிரிழை தெரியும்.

நெளிவரி ஓடும் பிளாக்வுட் பலகை கிடைத்தது. மெஷினில் போட்டால் வரி இருக்கிற இடமெல்லாம் நார் பிய்ந்து குழி விழுகிறது.
— வாசகர், பண்டாரவளை

நெளிவரி என்றால் நார் மேலும் கீழுமாக அலைகிறது என்று அர்த்தம். சீவுளி ஒரு வரியில் நாரோடு போகும், அடுத்த வரியில் நாரை எதிர்த்துப் போய்ப் பிய்க்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் பாதி இடத்தில் எதிர்நார்தான். முதிரையிலும் இதே தொல்லை.

மெஷினைத் தேவையான கனத்துக்கு 2 மில்லிமீற்றர் முன்னமே நிறுத்துங்கள். மிச்சம் கைவேலை. சாதாரணச் சீவுளியில் தகடு 45 பாகையில் கிடக்கிறது. தகட்டின் தட்டை முகத்தில், நுனியில் மட்டும் 15 பாகைக்கு ஒரு சின்னச் சாய்வு தீட்டினால் வெட்டும் கோணம் 60 ஆகும், நார் எழும்புவதற்கு முன்னே அறுபட்டுவிடும். தள்ளக் கடினமாக இருக்கும், ஆகவே சீவல் வெங்காயத் தோலை விட மெல்லியதாக வரட்டும். இன்னொரு வழி, தகட்டைத் தீட்டாமல், மேலே இருக்கும் மூடித் தகட்டை நுனிக்கு 0.2 மில்லிமீற்றர் அருகே கொண்டுவருவது. இரண்டையும் ஒன்றாகச் செய்யாதீர்கள், சீவல் அடைத்துக்கொள்ளும்.

கடைசியில் ஸ்க்ரேப்பர் என்கிற சுரண்டு தகடு. அரத்தால் விளிம்பைச் சதுரமாக்கி, கல்லில் தேய்த்து, உருண்டையான உறுதி இரும்பால் விளிம்பை அழுத்தி இழுத்துக் கொக்கி எழுப்புங்கள். சீவல் சுருண்டு வந்தால் கூர் இருக்கிறது. தூள் மட்டும் வந்தால் கொக்கி போய்விட்டது, திரும்பத் தீட்டுங்கள். சாண்ட் பேப்பரை 150, 180, 220 என்று கடைசியில் லேசாக ஓட்டினால் போதும்.

முதிரைப் பலகையில் கருங்காலிக் கோடு பதித்தேன். தேய்த்ததும் முதிரை முழுவதும் கரி பூசியது போல ஆகிவிட்டது. கோடு ஓர் இடத்தில் எழும்பியும் நிற்கிறது.
— வாசகர், ஹட்டன்

கருங்காலித் தூள் மிக நுண்மையானது. முதிரையின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்தால் தேய்க்கத் தேய்க்க ஆழமாகும். இப்போதைக்குத் தேய்ப்பதை நிறுத்தி, ஸ்க்ரேப்பரால் ஒரு படலம் சுரண்டி எடுங்கள். அடுத்த முறை கோட்டைப் பதிப்பதற்கு முன் முதிரையில் மெல்லிய அரக்கு ஒரு கை பூசுங்கள்: மெழுகு நீக்கிய அரக்குச் செதில் 120 கிராம், ஒரு லீற்றர் ஸ்பிரிட். காடியின் உள்ளே மட்டும் படவிடாதீர்கள், பசை பிடிக்காது. கோடு பலகையை விட 0.3 மில்லிமீற்றர் எழும்பி இருக்கும்படி பதித்து, அந்த மிச்சத்தைச் சுரண்டியே மட்டமாக்குங்கள்.

எழும்பியது குறுக்குக் கோடு என்று நினைக்கிறோம். கருங்காலி தன் நீளத்தில் சுருங்காது, கீழே இருக்கும் முதிரை அகலத்தில் சுருங்கும். 3 அடி நீளத்துக்கு ஒரே துண்டாகக் குறுக்கே பதித்த கோடு ஒருநாள் எழும்பியே தீரும். குறுக்கே ஓட வேண்டிய இடத்தில் கோட்டைச் சிறு துண்டுகளாக, முனைகளைச் சாய்த்து வெட்டிப் போடுங்கள். நாரோடு நெடுக்கே ஓடும் கோட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

19ஆம் நூற்றாண்டில் காலிப் பக்கத்துத் தச்சர்கள் உள்நாட்டு மரங்கள் பலவற்றை ஒரே மேசையில் பதித்துச் செய்தார்கள். அவற்றில் மிக அழகானது கபிலத்தில் கரிய வரி ஓடும் கலமந்தர். அந்த மரம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். இருண்ட நிறம் வேண்டுமென்றால் முதிர்ந்த புளிய மரத்தின் உள்வைரத்தைத் தேடுங்கள், ஊதா கலந்த கருங்கபிலம், அருமையான மரம்.

கொழும்பில் இருந்து படோக், பர்ப்பிள்ஹார்ட் வாங்கினேன். இந்தச் சிவப்பும் ஊதாவும் நிலைக்குமா?
— வாசகர், வெலிமடை

நிலைக்காது. வெளிச்சம் பட்டால் இரண்டும் கபிலமாகும். பலாவின் மஞ்சளும் அப்படித்தான் தேன் நிறமாகிக் கபிலத்துக்குப் போகும். சூரிய ஒளியைத் தடுக்கும் வார்னிஷ் பூசினால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். பத்து வருடம் கழித்தும் வேறுபாடு தெரிய வேண்டுமென்றால் நிறத்தை நம்பாமல் வெளிச்சம், இருட்டை நம்புங்கள்: வெளிறிய சவுக்கோடு கருங்காலி. வாங்கிய மரத்தைக் கால் நுனி, ஓரக்கோடு என்று சின்ன இடங்களில் போடுங்கள். ரோஸ்வுட் இனங்களான டல்பேர்ஜியா எல்லாம் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பதால், அவற்றை வாங்கும்போது பத்திரம் கேட்டு வாங்குங்கள்.

ஒட்டிய இடத்தில் வெள்ளைப் பசை சுண்ணாம்புத் தூள் போலக் காய்ந்து, கையால் இழுத்ததும் பலகை கழன்றுவிட்டது. புதிய போத்தல்தான்.
— வாசகர், நுவரெலியா

குளிர். வெள்ளைப் பசை ஒன்றோடொன்று இணைந்து படலமாவதற்கு ஒரு குறைந்தபட்ச வெப்பம் வேண்டும். பெரும்பாலான பசைகளுக்கு அது 10 பாகைக்கு மேல். தை மாத இரவில் உங்கள் ஊரில் புல்லில் உறைபனி விழுகிறது, பசை மட்டும் எப்படிப் பிடிக்கும்? காலை பத்து மணிக்குப் பிறகு ஒட்டுங்கள். பசைப் போத்தலை மட்டுமல்ல, பலகையையும் முதல்நாளே அடுப்படிப் பக்கம் வைத்துச் சூடேற்றுங்கள். கிளாம்பை மறுநாள் காலைவரை கழற்றாமல், இரவில் கம்பளியால் மூடிவிடுங்கள். தேக்கு, ரோஸ்வுட் போன்ற எண்ணெய்ப் பசை உள்ள மரமானால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிற்றோன் தோய்த்த துணியால் விளிம்பைத் துடையுங்கள். இதே ஊரில் லாக்கர் அடித்தால் வெள்ளை படர்கிறது என்று வேறு இருவர் எழுதியிருந்தார்கள். அதற்குக் காரணம் ஈரக் காற்று. மூடுபனி விலகிய நடுப்பகலில் மட்டும் அடியுங்கள்.

பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைத் தூரை மேசைக் காலாக வைக்கலாமா?
— வாசகர், அப்புத்தளை

தாராளமாக. கெட்டியான, நுண்ணிய மரம். மண்ணை அழுத்தத் தண்ணீரால் அடித்துக் கழுவி, கம்பித் தூரிகையால் பட்டையை எடுத்து, வெட்டுவாய்களில் பெயின்ற் பூசி, நிழலில் ஒரு வருடமாவது போடுங்கள். இடுக்கில் ஒட்டின கல் சீவுளித் தகட்டைக் கெடுக்கும், முதலில் ஆணியால் குத்திப் பாருங்கள். மேலே கண்ணாடி வைப்பதுதான் பொருத்தம். மரப்பலகை வைத்தால் மூன்று இடங்களில் மட்டும், நீள்துளையில் திருகாணி போட்டு.

மேசைக்கு அடியில் தினமும் மைதா மாவு போலக் கொட்டுகிறது. கூட்டினாலும் மறுநாள் அதே இடத்தில் சின்னக் குவியல்.
— வாசகர், பதுளை

துளைவண்டு. 1, 2 மில்லிமீற்றர் வட்டத் துளைகள் பலகையின் வெள்ளைப் பகுதியில்தான் இருக்கும், வைரத்தைத் தொடாது. வெள்ளையில் மாச்சத்து இருப்பதுதான் அதற்கு உணவு. அந்தப் பலகையை மாற்ற முடிந்தால் மாற்றுவதே நல்லது. முடியாவிட்டால் பொலிஷை முழுதாக நீக்கி, ஒரு லீற்றர் சுடுநீரில் போராக்ஸ் 60 கிராம், போரிக் அமிலம் 40 கிராம் கரைத்து, மூன்று தரம் ஊறப் பூசுங்கள். கையுறை போடுங்கள், பிள்ளைகளை எட்ட வையுங்கள். காய்ந்த மரத்தில் இது ஆழமாக இறங்காது என்பதையும் சொல்ல வேண்டும். பச்சைப் பலகையை அறுத்த உடனே இதில் தோய்த்து, இரண்டு மூன்று வாரம் பொலித்தீனில் சுற்றி வைத்தால்தான் உள்ளே பரவும். அதன்பிறகு பிரித்துக் காயவிட வேண்டும். எப்படியும் வெள்ளையை வெட்டிக் கழித்துவிட்டு மேசை செய்கிறவருக்கு இந்த வேலையே வராது.

சவுக்கு தேய்த்தால் கை முழுக்கத் தடித்துச் சொறிகிறது. எனக்கு மட்டுமா?
— வாசகர், பொகவந்தலாவை

பலருக்கும் வரும். சவுக்கு, முதிரை, படோக் மூன்றின் தூளும் தோலைப் பாதிக்கக் கூடியவை. நீளக்கை உடுப்பு, முகமூடி, வேலை முடிந்ததும் சவர்க்காரம். தடிப்பு முகத்துக்கோ மூச்சுக்கோ ஏறினால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள், பழகப் பழக ஒவ்வாமை கூடுமே தவிரக் குறையாது.

தோட்டத்து மரத்தை எடுக்க யாரிடம் கேட்க வேண்டும்?
— வாசகர், பூண்டுலோயா

தோட்டத்துக் காணியில் நிற்பது நிர்வாகத்தின் மரம். விழுந்து கிடந்தாலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பலாவை வெட்ட, சொந்தக் காணியானாலும், பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். லொறியில் ஏற்றுவதற்கு எந்த மரத்துக்குப் பத்திரம் வேண்டும் என்பதை ஏற்றுவதற்கு முன்னே வன இலாகா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சவுக்கின் செதிள் வரி நன்றாகத் தெரிய எதைப் பூசுவது?
— வாசகர், கினிகத்தேனை

நிறம் கலந்த எதையும் பூசாதீர்கள், கதிரும் நாரும் நிறத்தை வெவ்வேறு விதமாக உறிஞ்சி வரி கலங்கிப் போகும். ஆளி எண்ணெய் ஒரு கை தேய்த்து, 15 நிமிடத்தில் மிச்சத்தை முழுதும் துடைத்து, ஒரு வாரம் காயவிடுங்கள். நாங்கள் மேலே சொன்ன மெல்லிய அரக்கு இரண்டு கை. அதன்மேல், சூடான சட்டியும் சிந்தின ரசமும் தாங்க வேண்டிய சாப்பாட்டு மேசை என்பதால், பொலியூரிதேன் மூன்று கை. மேசையின் அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கை பூச வேண்டும். மேலே மட்டும் பூசினால் அடி ஈரம் குடித்துப் பலகை கிண்ணம் போல வளையும்.

எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, முற்றத்துக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகே குப்பையில் சேருங்கள்.